அத்தான் கடை லென்ஸைத் தின்ற குட்டிப் பிசாசு

முதலில் ஊர் பேசியதைச் சொல்லிவிடுகிறேன்.

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் அரைத்துக் கொடுக்கும் எங்கள் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள், தன் அக்கா புருஷனைப் பழிவாங்க அந்தப் புரோகிராமுக்குள்ளே ஒரு குட்டிப் பிசாசை வளர்க்கிறாளாம். காலையில் அது தூங்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கொட்டாவி விட்டு எழுந்திருக்கும். வந்திருக்கும் ஆர்டர்களில் அத்தான் கடையுடையது எது என்று மோந்து பார்த்து, ஒன்றே ஒன்றை விழுங்கிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் விழுங்கியதைத் துப்பிவிடும். அப்போதுதானே யாருக்கும் சந்தேகம் வராது!

இது நான் கேட்ட முதல் பதிப்பு. டீக்கடைப் பதிப்பில் அந்தப் பிசாசு அவள் குரலிலேயே பேசும். பிரேம் விற்கிறவர் சொன்ன பதிப்பில், அவள் வீட்டில் படுத்துக்கொண்டே போனில் அதற்கு உத்தரவு போடுவாள்.

நான் பட்டறையின் டெலிவரி ஆள். அரைத்த லென்ஸைப் பெட்டியில் அடுக்கி ஸ்கூட்டரில் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. லென்ஸோடு நாலு சேதியும் போகும். அதற்குத் தனிக் கூலி கிடையாது, ஒரு சமூக சேவைதான். இந்த வதந்தியை நான் பெறவில்லை. ஆனால் இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் உண்மைக் கதையைச் சொல்கிற கடமையும் என் தலையில்தான் விழுகிறது. உண்மையில் பிசாசு வராது. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளை முகத்துக்கு முன்னால் அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி என்போம். நாற்பத்திரண்டு வயது. சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கிறாள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். படி இறங்கிப் பாதி வழியில் நின்று, திரும்ப ஏறி, நாலாவது தடவையும் இழுப்பாள். தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றையும் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பாள். ஒருநாள் காய்கறிக்காரி கேட்டே விட்டாள்: "ஏம்மா, தக்காளி வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?"

மாப்பிள்ளையையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அத்தான், அதாவது அக்கா புருஷன், ஒருத்தரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். "தங்கமான பையன், நான் கியாரண்டி" என்றாராம். இவள் மூன்றே கேள்வி கேட்டாள். கடைசியாக வேலை பார்த்த இடம் எது? ஏன் அங்கிருந்து விலகினீர்கள்? இப்போதே போன் போட்டு விசாரிக்கலாமா? மூன்றாவது கேள்விக்கு மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி எழுந்து போனவர்தான், திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து அத்தானுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவளுடைய சொந்த அக்காதான் நடுவில் நின்று "அவர் கேக்கறாரு", "அவ சொல்றா" என்று இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது என்று அவளே சொல்வாள். எங்கள் பட்டறைக்கு அவள் எழுதியது பெரிய புரோகிராம். முன்னறையில், தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கம்ப்யூட்டரில் அது ஓடும். கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களை வாங்கி, கடை நம்பர்படி வரிசையாக்கி, ஆர்டருக்கு ஒரு சீட்டு அச்சடித்துத் துப்பும். சீட்டைப் பார்த்து ஸ்டோரில் லென்ஸ் எடுப்பார்கள். உள்ளே மெஷினில் அரைப்பார்கள். சீட்டு இல்லாவிட்டால் வேலை இல்லை. எத்தனை சீட்டு வந்ததோ அத்தனை லென்ஸ், யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மெஷினில் அரைப்பவர் தூள் அண்ணன். ஐம்பத்தைந்து வயது. தலை, புருவம், காது மயிர் எல்லாம் லென்ஸ் தூள் படிந்து வெள்ளையாக இருக்கும். அவருடைய சொந்த நிறம் என்ன என்பது லீவு நாளில் அவர் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். அவருக்கு ஒரு கஷ்டம். தடித்த லென்ஸுக்கு ஒரு சக்கரம், மெல்லியதற்கு வேறு சக்கரம். சீட்டுகள் கடை நம்பர்படி கலந்து வந்தால் அவர் நாள் முழுக்கச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். பூதக்கண்ணாடிக்குப் போன் பண்ணி, தடித்ததெல்லாம் முன்னால் வரட்டும் என்பார். அவள் பஸ் பிடித்து வந்து புரோகிராமைத் திறந்து மாற்றி, மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போவாள். அடுத்த வாரம் புதுச் சக்கரம் வரும். இப்போது மெல்லியது முன்னால் வேண்டும். மறுபடி போன், மறுபடி பஸ்.

இருபதாவது தடவையோ என்னவோ, அவள் ஒரு முடிவு எடுத்தாள். யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்திருக்கிற, கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதும் குட்டி மொழி ஒன்று உண்டாம். அதைக் கொண்டுவந்து தன் பெரிய புரோகிராமின் வயிற்றுக்குள்ளே உட்கார வைத்தாள். திரையில் ஒரு வெள்ளைப் பெட்டியும் வைத்தாள். தூள் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோது நானும் பெட்டி அடுக்குகிற சாக்கில் அங்கேதான் நின்றேன்.

"அண்ணே, இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க. எது முன்னாடி, எது பின்னாடின்னு இந்தப் பெட்டியில நீங்களே எழுதுங்க. புரோகிராம் அதைப் படிச்சு அதுபடி நடக்கும்."

"நான் சொல்றதை அது கேக்குமாம்மா? வீட்டுல நான் சொல்றதை ரேடியோகூட கேக்காது."

"சரியா எழுதுனா கேக்கும். தப்பா எழுதுனா கேக்காது."

"அப்ப என் பொண்டாட்டியவிட பரவால்ல. அவ சரியா சொன்னாலும் கேக்க மாட்டா."

ரெண்டு விரலால் தட்டித் தட்டி, ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். ஆனால் முதல் நாள் ஒரு கூத்து நடந்தது. ஏதோ ஒரு புள்ளியை விட்டுவிட்டார். திரை நடுவில் சிவப்புப் பெட்டி ஒன்று டமார் என்று வந்து நின்றது. தூள் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தெருவுக்கே ஓடிவிட்டார். மெஷின் வெடிக்கப் போகிறது என்று நினைத்துவிட்டார். பூதக்கண்ணாடி சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பாவம் மனுஷர், பயப்படுகிறார் என்று அந்தச் சிவப்புப் பெட்டியை எடுத்துவிட்டாள். ஏதாவது கிடைக்காவிட்டால் சத்தம் போடாதே, பேசாமல் தாண்டிப் போ என்று புரோகிராமுக்குச் சொல்லி வைத்தாள்.

அப்புறம் தூள் அண்ணன் தன் ரூலை எழுதி முடித்தார். வரிசையை ஒன்றிலிருந்து கடைசி வரை பார். தடித்ததை ஒரு குவியலில் போடு, மெல்லியதை இன்னொரு குவியலில் போடு, பிறகு சீட்டு அடி. அவ்வளவுதான். காலை வேலை எப்போதும்போல நடக்கும், மத்தியான வேலைக்கு மட்டும் இந்த ரூல். சக்கரம் மாற்றுவது நாளைக்கு ஒரே தடவை ஆயிற்று. பேரன் பிறந்தபோதுகூட அவர் இவ்வளவு பேரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்று வாரம் போனது. பிறகு ஒண்ணாம் நம்பர் கடையில் நான் பெட்டியைத் திறந்தபோது, கடைக்காரர் மேஜையில் அடித்தார்.

"இன்னிக்கும் ஒண்ணு கொறையுதுய்யா! தினம் ஒண்ணு! பஸ் டிரைவர் ஒருத்தர் ரெண்டாவது நாளா வந்து நிக்கறாரு. கண்ணாடி இல்லாம அவரு வண்டி ஓட்டுனா நாளைக்குப் பேப்பர்ல யாரு பேரு வரும்?"

"அதை அந்த டிரைவராலயும் படிக்க முடியாதுங்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"வேற எந்தக் கடையிலயாவது கொறையுதா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. இவர் கடை மட்டும்தான்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்க கம்ப்யூட்டர் எழுதுறது யாரு தெரியுமா? என் பொண்டாட்டியோட தங்கச்சி. எட்டு வருஷமா மனசுல வெச்சிருந்து இப்ப கைய வெக்கறா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றைக்கு எனக்குப் பாக்கி ஏழு கடை. எட்டாவதாக டீக்கடை. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

பட்டறையில் சேதி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. எங்கள் சூப்பர்வைசருக்கு நிழல் என்று பெயர். நாம் திரும்பும்போதெல்லாம் பின்னால் நிற்பார். அவர் நேரே பட்டறை முதலாளி அறைக்குப் போனார். பூதக்கண்ணாடியை வரச் சொன்னார்கள். நான் தண்ணீர் கேனை மாற்றப் போனேன். கேன் முக்கால்வாசி நிரம்பித்தான் இருந்தது, யார் பார்த்தார்கள்.

முதலாளி கேட்டார்: "ஏம்மா, ஒண்ணாம் நம்பர் உங்க அத்தான் கடையாமே?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லலியே?"

"புகார் வர்ற வரைக்கும் எனக்கே தெரியாதே."

"பாத்தீங்களா சார்!" என்றார் நிழல். ஒன்றையும் பார்க்காமலே.

முதலாளி பக்கத்தில் இருந்த துணியால் தன் கண்ணாடியைத் துடைத்தார். கோபம் வந்தால் துடைப்பார். "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம். ஏன்னு சொல்லணும். இல்லைன்னா அந்தக் குட்டி மொழி கிட்டி மொழி எல்லாத்தையும் பிடுங்கிட்டு வேற ஆளை வெச்சு எழுதிக்கறேன்."

இதில் என்ன போகும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பகைக்காக அடுத்தவன் கம்ப்யூட்டரில் கை வைத்தவள் என்று பெயர் வந்தால், ஊரில் எந்தப் பட்டறையும் அவளைத் தன் கீ-போர்டைத் தொடவிடாது. அந்த ஒற்றை அறைக்கும் அவளுக்கும் வேறு பிழைப்புக் கிடையாது.

அடுத்த மூன்று நாள் அவள் எங்களை எல்லாம் புரட்டி அடிப்பக்கம் பார்த்தாள். முதலில் நிழல். கம்ப்யூட்டர் அறைச் சாவி உங்களிடம் எதற்கு, சாப்பாட்டு நேரத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நிழலுக்குப் பின்னால் ஒருத்தி நடந்தாள். பிறகு நான். கிளம்பும் முன்னால் என் பெட்டியைக் கொட்டி எண்ணினாள், போன இடமெல்லாம் நேரம் எழுதி வாங்கினாள். ஸ்கூட்டர் சீட்டைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். அங்கே ஒரு பழைய ரெயின்கோட்டும், என் வீட்டுக்காரி மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த டிபன் டப்பாவும் இருந்தன. அத்தானையும் விடவில்லை. வராத ஆர்டரை வந்ததாகச் சொல்லி நாடகம் ஆடுகிறாரோ என்று அக்கா மூலம் பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பில் எல்லாம் சரியாக இருந்தது. அது அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

கடைசியாகத் தூள் அண்ணன். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீட்டு ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்த்தாள்.

"என்னம்மா, என்னையே சந்தேகப்படறியா?"

"எல்லாரையும்தாண்ணே."

அது நிஜம். எல்லோரையும் சந்தேகப்பட்டாள், ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள் அவள் தலை வாரும்போது எதிரே தெரிகிற ஆள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சீட்டு அடிக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால், ஒரு வேலை செய்தாள். இருபத்திநாலு ஆர்டர் வந்திருந்தது. வரிசையில் முதலில் நின்றது வழக்கம்போல ஒண்ணாம் நம்பர் கடை ஆர்டர். அதைக் கீழே இறக்கிவிட்டு, ஒன்பதாம் நம்பர் கடை ஆர்டர் ஒன்றை முதலில் ஏற்றி வைத்தாள். தட்டினாள். சீட்டுகள் சர்சர் என்று விழுந்தன. அவற்றை மேஜையில் பரப்பி எண்ணினாள். இருபத்திமூன்று. அத்தான் கடையுடையது எல்லாம் இருந்தது. ஒன்பதாம் நம்பர் ஒன்று இல்லை.

தூள் அண்ணன் முகம் தூளுக்கு மேலேயே வெளுத்தது. "அப்ப கடையப் பாத்து முழுங்கல. முதல்ல நிக்கறதை முழுங்குது. அம்மா, இது என் ரூல்தாம்மா. நான்தான் ஒண்ணுலேந்து பாருன்னு எழுதுனேன். எம்மேலதான் வரப் போகுது."

நிழல் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "சரிதான்! அரைக்கிறவரை எழுதச் சொன்னா இப்படித்தான் ஆகும்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. ஆள் கிடைத்துவிட்டது அல்லவா?

பூதக்கண்ணாடி திரைப் பக்கம் திரும்பினாள். தூள் அண்ணன் எழுதிய ஆறு வரியைப் படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு, அந்த ரூலிடம் ஆர்டர் வரிசையைக் கொடுக்கும் தன் சொந்தப் பகுதியைத் திறந்தாள். வரி வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தாள்.

"லிஃப்ட்" என்றாள் கடைசியில்.

"எந்த லிஃப்ட்?" என்றேன்.

"சில கட்டடத்துல வாசல்ல நுழையற தளம் பூஜ்யம். சிலதுல அதுவே ஒண்ணு. என் பெரிய புரோகிராம் பூஜ்யத்துலேந்து எண்ணும். உள்ள உக்காத்தி வெச்ச குட்டி மொழி ஒண்ணுலேந்து எண்ணும். அண்ணன் அந்த மொழியில சரியாத்தான் எழுதியிருக்காரு, ஒண்ணுலேந்து பாருன்னு. நான்தான் பூஜ்யத்துல ஆரம்பிக்கற வரிசைய நம்பர் மாத்தாம அப்படியே தூக்கிக் குடுத்திருக்கேன். பூஜ்யத்துல நிக்கறவனை யாரும் கூப்பிடல. கடைசியில இல்லாத ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கு. மறுநாள் காலையில ரூல் இல்லாம ஓடறப்ப விட்டுப்போனவனுக்கும் சீட்டு வந்துடும்."

"இல்லாத ஆளைக் கூப்பிட்டா சத்தம் வராதா?" என்றார் நிழல்.

"வந்திருக்கும். சிவப்புப் பெட்டி. அதை நான்தான் எடுத்துட்டேன்."

தூள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தெருவுக்கு ஓடிய நாள் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

சனிக்கிழமை முதலாளி அறையில் அத்தானும் வந்து உட்கார்ந்திருந்தார், புதுச் சட்டையில், சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி. பூதக்கண்ணாடி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பூஜ்யம், ஒன்று, சிவப்புப் பெட்டி. ஒண்ணாம் நம்பர் கடை எப்போதும் வரிசையில் முதலில் நிற்பதால்தான் அடி முழுக்க அதற்கே விழுந்தது என்றும் சொன்னாள். அத்தான் பாதியிலேயே சிரித்தார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. பூஜ்யமாம், ஒண்ணாம்! என்னைப் பிடிக்காதுன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டா நான் மன்னிச்சுட்டுப் போறேன்."

நிழலுக்கு அது பிடித்தது. முதலாளி காதருகே குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "அதான் சார் நல்லது. குடும்பச் சண்டைன்னு முடிச்சிடலாம். மன்னிப்பு கேக்கட்டும், வேலையில இருக்கட்டும். புரோகிராமே தப்புன்னு வெளிய தெரிஞ்சா மத்த கடைக்காரனெல்லாம் நம்மளத்தான் சந்தேகப்படுவான்" என்றார்.

வசதியான வழிதான். ஒரு மன்னிப்பு, ஒரு கையெழுத்து, அவள் அறை அவளுக்கு, பட்டறை மானம் பட்டறைக்கு. அக்காவுக்கும் நடுவில் ஓடுகிற வேலை மிச்சம். நான் கேனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"மன்னிப்பு கேக்கறேன்" என்றாள். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த பஸ் டிரைவர்கிட்ட. கண்ணாடி லேட்டானதுக்கு. குடும்பச் சண்டைன்னு கையெழுத்துப் போட மாட்டேன். போட்டா இந்தத் தப்பு உள்ளேயே இருக்கும், யாரும் தேட மாட்டாங்க."

முதலாளி துணியைக் கையில் எடுத்தார், துடைக்கவில்லை. "இந்த மாதிரி வேற எங்கயாவது இருக்காம்மா?"

"தெரியாது. தேடணும்."

அவர் துணியைத் திரும்ப மேஜையில் வைத்தார். "இல்லைன்னு சொல்லியிருந்தா இப்பவே அனுப்பியிருப்பேன்" என்றார். "ஒரு வாரம் எடுத்துக்கோ. முழுக்கத் தேடு. அந்தச் சிவப்புப் பெட்டிய மொதல்ல திரும்ப வை. தூள் அண்ணன் ஓடுனா ஓடட்டும், நான் பிடிச்சுக்கறேன்."

அந்த வாரம் அவள் இன்னும் ரெண்டு தப்பு கண்டுபிடித்தாள். ரெண்டும் அவளுடையதே. குட்டி மொழி அங்கேயே இருக்கிறது, தூள் அண்ணன் இப்போது நாலு ரூல் எழுதிவிட்டார். அத்தான் கடைக்கு ஆர்டர் ஒன்றுகூடக் குறைவதில்லை. ஆனாலும் வதந்தி சாகவில்லை. போன மாதம்கூட புதுக் கடைக்காரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ ஒண்ணு குடியிருக்காமே?" என்றார்.

அதனால்தான் இதை எழுதலாம் என்று நினைத்து, சைக்கிள் கடை மாடிக்குப் போய், ஊர் பேசியதை ஒரு வரி விடாமல் அவளிடம் படித்துக் காட்டினேன். பிசாசு, கொட்டாவி, பழி எல்லாம். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"முடிஞ்சுதா? இப்ப நான் சொல்றதை எழுதிக்கோங்க. பிசாசும் இல்ல, பழியும் இல்ல. நான் பண்ண தப்பு, அவ்வளவுதான். என் புரோகிராம்ல கடைக்குப் பேரே கிடையாது, நம்பர்தான். ஒண்ணாம் நம்பர் யாரோட கடைன்னு புகார் வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். எட்டு வருஷமா அந்த மனுஷன் ஞாபகமே எனக்கு வரல. இதையும் அவருகிட்ட போய்ச் சொல்லுங்க. நீங்கதான் எல்லாத்தையும் சொல்ற ஆளாச்சே."